கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், ஐரோப்பாவில் மைக்கே இல்லாமல் இரண்டாயிரம் பேருக்கு வாசிக்கிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இடம் போதாது என்பதால், ஒன்றோடு ஒன்று தொடர்புள்ள கேள்விகளாகப் பார்த்து எடுத்திருக்கிறேன்.

வருடம் பிறந்ததும் வியன்னாவில் நடக்கும் புத்தாண்டுக் கச்சேரியை டிவியில் தவறாமல் பார்க்கிறேன். மேடையில் ஒரு ஸ்பீக்கர்கூடக் கண்ணில் படவில்லையே, பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படிக் கேட்கிறது? (ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்)

ஸ்பீக்கரின் வேலையை அங்கே சுவர்கள் செய்கின்றன. கூர்ந்து பார்த்தால் மேலே மெல்லிய கம்பிகளில் மைக் தொங்குவது தெரியும், அது ஒளிபரப்புக்காக, வீட்டில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்காக. அரங்கில் இருப்பவர் காதுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நீங்கள் பார்ப்பது மியூசிக்ஃபெராயின் கட்டடத்தில் உள்ள பொன் அரங்கு. தியோஃபில் ஹான்சென் வடிவமைத்து 1870 ஜனவரியில் திறந்தார்கள். நீளம் கிட்டத்தட்ட 49 மீட்டர், அகலம் 19 மீட்டர், உயரம் 18-க்குக் கொஞ்சம் குறைவு. புது ஷூ வாங்கினால் கொடுப்பார்களே ஓர் அட்டைப் பெட்டி, அந்த வடிவம்தான், இந்தத் துறையில் இருப்பவர்களே அதை 'ஷூ பாக்ஸ்' அரங்கு என்றுதான் சொல்கிறார்கள். உட்கார 1,744 இடம், அது போக நின்று கேட்பவர்கள் 300 பேர்.

எல்லோரும் தங்க முலாமைப் பார்த்து வியக்கிறார்கள். நான் வியப்பது அந்த 19 மீட்டரைப் பார்த்து. மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி நட்ட நடுவில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வயலின் ஒலி நேராக உங்களிடம் வருகிறது. அதே ஒலி பக்கச் சுவரில் பட்டுத் திரும்பியும் வருகிறது, அதற்குக் கூடுதல் தூரம் ஏழரை மீட்டர்தான். காற்றில் ஒலி ஒரு செகண்டுக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது என்பதால், தாமதம் 22 மில்லி செகண்ட். இவ்வளவு சீக்கிரம் வந்து சேரும் ஒலியைக் காது தனியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை, முதலில் வந்ததோடு சேர்த்துக்கொள்கிறது. ஒரே வயலின்தான், ஆனால் கூடுதல் சத்தமாக, கூடுதல் நிறைவாக, இரண்டு பக்கமிருந்தும் அணைத்துக்கொள்வது மாதிரிக் கேட்கிறது. இதையே 40 மீட்டர் அகல மண்டபத்தில் செய்து பாருங்கள், கூடுதல் தூரம் 25 மீட்டருக்குப் போய்விடும், தாமதம் 70 மில்லி செகண்டைத் தாண்டிவிடும், அப்போது அது உதவியாக இல்லாமல் தொந்தரவாக வந்து சேரும். கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷன் பாட்டு ஏன் சேறு கலக்கின மாதிரி இருக்கிறது என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அந்தத் தங்கப் பெண் சிலைகளும் கட்டம் கட்டமான கூரையும் பால்கனி விளிம்பும் அழகுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். மொழுமொழுவென்று இருக்கும் சுவர் ஒலியைக் கண்ணாடி மாதிரி ஒரே திசையில் அடித்துவிடும், மேடு பள்ளம் இருந்தால்தான் அது நாலா பக்கமும் சிதறி மெத்தென்று வரும்.

எக்கோ வேறு, ரிவெர்ப் வேறு என்கிறார்கள். என்ன வித்தியாசம்? இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் கட்டுகிறார்களா? (ஒரு பொறியியல் மாணவர், கோவை)

எதிரொலி என்றால் கொடுத்தது அப்படியே தனியாகத் திரும்பி வருவது. மலையடிவாரத்தில் நின்று கூப்பிட்டால் வருமே, அது. லண்டனில் 1871-இல் திறந்த ராயல் ஆல்பர்ட் ஹாலின் குவிமாடம் இந்த எதிரொலிக்குப் பேர்போனது, கடைசியில் 1969-இல் ஃபைபர் கிளாஸில் காளான் மாதிரித் தட்டுகள் செய்து கூரையிலிருந்து தொங்கவிட்டுத்தான் அடக்கினார்கள். ரிவெர்ப், அதாவது எதிர்முழக்கம், வேறு. வீடு காலி செய்கிறோம், சாமான் எல்லாம் லாரியில் ஏறிவிட்டது, கடைசியாக ஒரு தடவை உள்ளே போய் "எல்லாம் எடுத்தாச்சா?" என்று கேட்கும்போது குரல் கூடம் முழுக்க முழங்குமே, அதுதான். ஆயிரக்கணக்கான சின்னப் பிரதிபலிப்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து, மெதுவாகத் தேய்ந்து மறைகின்றன. ஒலியின் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய எவ்வளவு செகண்ட் ஆகிறது என்பதுதான் கணக்கு. பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு ஏறக்குறைய இரண்டு செகண்ட் இருந்தால் பிரமாதம்.

இந்தக் கணக்கை முதலில் போட்டவர் வாலஸ் சபின். இவர் கதையைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. 1895-இல் ஹார்வர்டில் ஃபாக் கலைக்கூடம் என்று புதுக் கட்டடம் கட்டினார்கள், அதில் விரிவுரை அறையில் பேசினால் ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆசிரியர் ஒரு சொல் சொன்னால் அது ஐந்தரை செகண்ட் அறைக்குள்ளேயே சுற்றியது, அதற்குள் அவர் அடுத்து பன்னிரண்டு பதினைந்து அசைகள் பேசிவிட்டிருப்பார். இதைச் சரிசெய் என்று 27 வயதுப் பௌதிக ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்தார்கள். அவர்தான் சபின்.

அவரிடம் இருந்த கருவிகள் ஓர் ஆர்கன் குழாய், நேரம் பார்க்க ஒரு கருவி, அப்புறம் தன் இரண்டு காதுகள். பகலில் தெருச் சத்தம் என்பதால் நள்ளிரவுக்கு மேல்தான் வேலை. பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை மாணவர்களோடு சுமந்துகொண்டு வந்து அடுக்குவார், குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்துவார், ஒலி காதுக்குக் கேட்காமல் போகும்வரை காத்திருந்து நேரத்தைக் குறிப்பார், பிறகு இன்னும் கொஞ்சம் மெத்தை. விடிவதற்குள் எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். ஒரு கட்டத்தில், தான் போட்டிருக்கும் உடையே ஒலியை உறிஞ்சிக் கணக்கை மாற்றுகிறது என்று கண்டுபிடித்தார். ஆயிரக்கணக்கான அளவீடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அன்றிலிருந்து ஒரே கோட்டு, ஒரே கால்சட்டை, ஒரே ஷூவோடு முதலிலிருந்து ஆரம்பித்தார். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குக் கண் கலங்குகிறது.

மூன்று வருட உழைப்பில் கிடைத்த சூத்திரம் ஒரு வரிதான்: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறையில் உள்ள மொத்த உறிஞ்சலால் வகுத்தால் (எல்லாம் மீட்டர் கணக்கில்), எதிர்முழக்கம் எத்தனை செகண்ட் என்று வந்துவிடும். உறிஞ்சலுக்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் திறந்த ஜன்னல். ஜன்னல் வழியே போன ஒலி திரும்பி வராதே, அப்படியானால் அதுதான் முழு உறிஞ்சல். மெத்தை எத்தனை சதுர மீட்டர் ஜன்னலுக்குச் சமம், உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் எவ்வளவு ஜன்னல் என்று கணக்குப் போட்டார்.

அதே சமயம் பாஸ்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவை நடத்திவந்த செல்வந்தர் ஹென்றி லீ ஹிகின்சன் புது அரங்கு கட்ட நினைத்து, சபினைக் கூப்பிட்டுக் கேட்டார். முதலில் கிரேக்க நாடக அரங்கு மாதிரி அரைவட்டமாகத்தான் வரைந்திருந்தார்கள், அது மாறி, ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து கெவாண்ட்ஹவுஸ் போல நீள்சதுரமானது. ஆனால் அங்கே அப்போது 1,500 இருக்கை, இங்கே 2,600 வேண்டும். அதே வடிவத்தை அப்படியே ஊதிப் பெருக்கினால் எதிர்முழக்கம் எகிறிவிடும் என்று கணக்குக் காட்டி, அளவுகளை மாற்றவைத்தார் சபின். 1900 அக்டோபரில் திறந்த அந்த பாஸ்டன் சிம்பனி ஹால், உலகத்தில் விஞ்ஞானக் கணக்குப் போட்டுக் கட்டிய முதல் இசை அரங்கு. இன்றைக்கும் உலகின் தலைசிறந்த இரண்டு மூன்றில் ஒன்றாகச் சொல்கிறார்கள்.

அமெரிக்கா போயிருந்தபோது ஒரே ஒரு நாள் அங்கே உட்காரக் கொடுத்துவைத்தது. 1900-இல் போட்ட அதே தோல் இருக்கைகள், குறுகலானவை, கொஞ்சம் கடினமானவை. மேடைக்கு மேலே உள்ள பட்டயத்தில் பீத்தோவன் பெயர் மட்டும்தான் இருக்கிறது, மற்ற பட்டயங்களில் யார் பெயரைப் போடுவது என்று நிர்வாகிகளுக்குள் ஒத்துப்போகாமல் காலியாகவே விட்டுவிட்டார்கள். ஆர்கெஸ்ட்ரா முழங்கினபோது நான் அசந்துபோகவில்லை, அதை எதிர்பார்த்துத்தான் போனேன். ஓர் இடத்தில் எல்லோரும் நிறுத்தினார்கள். வில்கள் எல்லாம் தந்தியை விட்டு எழும்பிவிட்டன, கண்ணால் பார்க்கிறேன், ஆனால் ஒலி இன்னும் இருக்கிறது, தலைக்கு மேலே கூரை ஓரமாக நின்று மெல்லக் கரைகிறது. அது முழுசாகப் போகும்வரை, எதிரே நின்று ஆர்கெஸ்ட்ராவை வழிநடத்தும் கண்டக்டர் கையை இறக்கவில்லை, ஒருவரும் மூச்சுவிடவில்லை. சபினின் சூத்திரத்தை அன்றுதான் காதால் கேட்டேன்.

சூத்திரம் 1900-லேயே கிடைத்துவிட்டது என்றால், கோடி கோடியாகச் செலவழித்துக் கட்டின அரங்குகள் அப்புறம் ஏன் சொதப்பின? (ஒரு வாசகர், மதுரை)

நியூயார்க்கை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். லிங்கன் சென்டரில் 1962 செப்டம்பரில் பில்ஹார்மானிக் ஹால் திறந்தார்கள். ஒலியியல் ஆலோசகர் லியோ பெரானெக், உலகின் ஐம்பதுக்கும் மேற்பட்ட அரங்குகளை நேரில் போய் ஆராய்ந்த பெரிய மனிதர். அவர் சொன்னது ஷூ பாக்ஸ், சுமார் 2,400 இருக்கை. இருக்கை போதாது, இன்னும் வேண்டும் என்று எழுந்த நெருக்கடியில் எண்ணிக்கையைக் கூட்டினார்கள், பக்கச் சுவர்கள் வளைந்தன, ஒலியைச் சிதறடிக்க வைத்திருந்த மேடு பள்ளங்கள் செலவைக் குறைக்கக் கழன்றுபோயின. திறந்த நாளிலிருந்தே புகார்தான். கீழ்ஸ்தாயி எழும்பவில்லை, மேடையில் ஒருவர் வாசிப்பது அடுத்தவருக்குக் கேட்கவில்லை. 1976-இல் உள்ளே எல்லாவற்றையும் இடித்துத் திரும்பக் கட்டினார்கள், அப்போதும் திருப்தியில்லை. கடைசியாக 55 கோடி டாலர் செலவில் மறுபடி உருமாற்றி 2022 அக்டோபரில் திறந்தபோது, 2,738 இருக்கை 2,200 ஆகக் குறைந்திருந்தது. மேடையையும் முன்னால் தள்ளி, சுற்றிலும் ஆட்களை உட்காரவைத்திருக்கிறார்கள். கூடுதல் இருக்கைக்கு ஆசைப்பட்டதில் ஆரம்பித்த வினை அறுபது வருடம் இழுத்தது.

சூத்திரத்தின் மேலும் ஒரு குறை உண்டு. எத்தனை செகண்ட் நீடிக்கிறது என்று சொல்லும், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்லாது. நமக்குக் காது பக்கவாட்டில் இருக்கிறது, கூரையிலிருந்து வரும் ஒலி இரண்டு காதுக்கும் ஒரே மாதிரிதான் சேரும், பக்கச் சுவரிலிருந்து வருவது இரண்டுக்கும் வேறு வேறாகச் சேரும், அதனால்தான் இசைக்குள் உட்கார்ந்திருக்கும் உணர்வு வருகிறது. இந்தப் பக்கவாட்டுப் பிரதிபலிப்பின் அருமையை ஒலியியல் நிபுணர் ஹரோல்ட் மார்ஷல் 1960-களின் கடைசியில்தான் எடுத்துச் சொன்னார்.

சில அரங்குகளில் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பின்னாலும் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்களே, முதுகைப் பார்க்கவா காசு கொடுக்கிறார்கள்? (ஒரு வாசகர், ஈரோடு)

அங்கே உட்கார்ந்தால் கண்டக்டரின் முகம் தெரியும், வாசிப்பவர்கள் பார்ப்பது மாதிரியே. பலரும் விரும்பிக் கேட்டு வாங்கும் இடம் அது. பெர்லின் பில்ஹார்மானிக்கின் பழைய அரங்கு 1944 ஜனவரியில் குண்டு விழுந்து அழிந்தது. புதியதை 1963-இல் கட்டியவர் ஹான்ஸ் ஷாரூன். தெருவில் யாராவது வாசித்தால் ஜனங்கள் தானாகவே வட்டமாகக் கூடுகிறார்களே, அரங்கில் மட்டும் ஏன் வரிசை கட்டி ஒரு பக்கமாக உட்கார வேண்டும் என்று கேட்டார். நம் ஊரில் கரகாட்டத்தையோ நையாண்டி மேளத்தையோ சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம் படிப்படியாக இருப்பதுபோல இருக்கைகளைப் பிரித்து மேடையைச் சுற்றி அமைத்தார். அழகுக்கு மட்டும் செய்ததில்லை. இவ்வளவு அகலமான இடத்தில் பக்கச் சுவர் தூரமாகிவிடும், அதற்குப் பதிலாக ஒவ்வொரு படியின் முன்சுவரும் அடுத்த பகுதிக்குப் பக்கச் சுவராகிறது. ஒலியியல் பார்த்த லோதர் கிரெமருக்கு முதலில் இந்த வடிவத்தில் நம்பிக்கையே இல்லையாம், பிறகு கூட உட்கார்ந்து வழி கண்டுபிடித்தார்.

2017-இல் திறந்த ஹாம்பர்க் எல்ப்ஃபில்ஹார்மோனியும் இந்த வகைதான். ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும், பாட்டுக் கச்சேரிக்கு இந்த அமைப்பு கஷ்டம். மனிதக் குரல் முன்பக்கமாகத்தான் போகும். பின்னால் இருப்பவருக்கு சாகித்தியம் கிடைக்காது.

ஏசி சத்தம்கூடக் கேட்காது என்கிறார்களே, நிஜமா? (ஒரு வாசகி, சேலம்)

நிஜம். காற்றை வேகமாக ஊதாமல், பெரிய குழாய்களில் மிக மெதுவாக, பல அரங்குகளில் இருக்கைக்கு அடியிலிருந்தே விடுகிறார்கள். ஹாம்பர்க் அரங்கு துறைமுகத்தில் இருக்கிறது, கப்பல் சங்கு உள்ளே கேட்கக் கூடாது என்று 12,500 டன் எடையுள்ள அரங்கை அப்படியே 362 ஸ்பிரிங்குகள் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். இந்த நிசப்தம் இருந்தால்தான் நூறு பேர் சேர்ந்து மிகச் சன்னமாக வாசிப்பதற்கு அர்த்தம் உண்டு.

நம் கர்நாடக சங்கீதத்தையும் இப்படி ஓர் அரங்கில் மைக் இல்லாமல் கேட்க முடியாதா? (ஓய்வுபெற்ற இசையாசிரியை, மயிலாடுதுறை)

அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் பல முறை படித்தேன், எனக்கும் இது தீராத ஏக்கம். ஆனால் வியன்னா அரங்கை அப்படியே பெயர்த்து இங்கே வைத்தால் வேலைக்காகாது. இரண்டு செகண்ட் எதிர்முழக்கத்தில் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தைக் கற்பனை செய்து பாருங்கள். நாலாம் காலத்தில் விழும் சொற்கள் ஒன்றின் வால் இன்னொன்றின் மேல் படிந்து கூழாகிவிடும். கமகமும் அப்படித்தான், சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே குரல் போகும் வழிதான் ராகமே, அந்த வழி கலங்கிவிட்டால் என்ன மிஞ்சும்?

எந்த இசையும் தான் வளர்ந்த இடத்தின் அளவுக்குத்தான் இருக்கும். ஐரோப்பாவின் பெரிய தேவாலயங்களில் ஒலி ஆறு ஏழு செகண்ட் நிற்கும், அதனால் அங்கே பாடின பாட்டு நிதானமாக, நீண்ட நீண்ட சுரங்களாக அமைந்தது. நம்மிடமே பாருங்கள், நாதஸ்வரமும் தவிலும் கோயில் வீதிக்கு, வீணை கூடத்துக்கு. வீணையை ஆயிரம் பேர் அரங்கில் வைத்துவிட்டு, கேட்கவில்லை என்று கான்டாக்ட் மைக் ஒட்டினால், வருவது வீணையின் நாதம்தானா என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

போன வருடம் ஓர் அரங்கில் நல்ல வித்வான் ஒருவர் பாடினார். தோடி ஆலாபனை, மந்தர ஸ்தாயியில் மெதுவாக இறங்குகிறார். மானிட்டர் ஸ்பீக்கர் "ஊய்" என்று கத்தியது. அவர் நிறுத்தி, கையைக் காட்டினார். சரிசெய்தார்கள், மிருதங்கத்தைக் கூட்டினார்கள், அதற்கு ஈடுகொடுக்க வயலினைக் கூட்டினார்கள், அரை மணியில் எல்லாமே அலறிக்கொண்டிருந்தது, தம்புரா இருந்த இடமே தெரியவில்லை. குறை யார் மேலும் இல்லை, பேச்சு, நாடகம், ஆண்டு விழா என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கட்டின மண்டபம் அது.

எனக்குப் படுவது இதுதான்: இருநூறு முந்நூறு பேர் உட்காரும் சின்ன அரங்கு, குறுகலாக, உயரம் போதுமானதாக, எதிர்முழக்கம் ஒரு செகண்டை ஒட்டிக் கொஞ்சம் கூட. பாடுபவருக்குப் பின்னாலும் பக்கத்திலும் கெட்டியான சுவர், குரலை முன்னால் தள்ளிவிட. வெளிச் சத்தம் அறவே கூடாது. இதற்குத் தங்கமோ 362 ஸ்பிரிங்கோ வேண்டாம். ஊருக்கு ஒன்று இப்படி இருந்தால், உங்கள் மாணவிகள் கத்தாமல் பாடக் கற்றுக்கொள்வார்கள், கேட்பவர்களும் தம்புராவைக் கேட்பார்கள்.

எங்கள் பள்ளியில் புது ஆடிட்டோரியம். பேசினால் புரிவதில்லை. சுவர் முழுக்க மரப் பலகை அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் கான்ட்ராக்டர். (ஒரு தலைமையாசிரியர், திருநெல்வேலி)

பலகைக்குப் பணம் கொடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஃபேன், ஏசி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மேடையில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்கள். "ட்ர்ர்ர்" என்று படபடத்தால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி பந்து மாதிரி மாறி மாறி அடிபடுகிறது என்று அர்த்தம். தனியாக இன்னொரு தட்டு கேட்டால் அது பின்சுவர். "ஹோ" என்று நீண்டால் அறையில் உறிஞ்சல் போதவில்லை. அடுத்து, ஒரு மாணவியை மேடையில் நிறுத்தி மைக் இல்லாமல் நாளிதழ் படிக்கச் சொல்லி, நீங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் போய்க் கேளுங்கள், எந்த வரிசையில் சொல் உடைகிறது என்று தெரிந்துவிடும். மரம் வைத்தாலே நல்ல ஒலி என்பது தவறான நம்பிக்கை. மெல்லிய பலகையைச் சுவரில் இடைவெளி விட்டு அடித்தால் கீழ்ஸ்தாயியைத்தான் தின்னும், பேச்சு தெளியாது. நல்ல இசை அரங்குகளில் பெரும்பாலும் கனத்த பூச்சுச் சுவர்தான். உங்களுக்கு வேண்டியது பின்சுவரில் கனமான, மடிப்பு மடிப்பான திரை, பக்கச் சுவர்களில் அங்கங்கே ஒலி உறிஞ்சும் பலகை, முடிந்தால் மெத்தை வைத்த நாற்காலி. மெத்தை இருந்தால் பாதி அரங்கு காலியாக இருந்தாலும் ஒலி ரொம்ப மாறாது.

அடுத்த மாதம் மகன் வீட்டுக்கு பாஸ்டன் போகிறேன். எந்த டிக்கெட் வாங்கலாம்? (ஒரு வாசகி, கும்பகோணம்)

இரண்டாம் பால்கனி, நடுப்பகுதி. விலையும் குறைவு, கூரைக்குப் பக்கத்தில் எல்லா வாத்தியமும் ஒன்றாகக் கலந்து வந்து சேரும். கீழே தரைத்தளத்தில் பால்கனிக்கு அடியில் வரும் கடைசி வரிசைகளைத் தவிர்த்துவிடுங்கள், மேலிருந்து வரவேண்டிய ஒலியைப் பால்கனி மறைத்துவிடும். கால் மணி முன்னாலேயே போய் உட்கார்ந்து, அவர்கள் சுருதி சேர்ப்பதையும் கேளுங்கள்.